வேர் வெளுத்த பிறகு தண்ணீர்

ரியாஸ்,

நலம், நலமறிய ஆவல் என்றெல்லாம் எழுத வேண்டியதில்லை. நீ என் தலைக்கு மேலேதான், மாடி அறையில், போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்குகிறாய். நீ புரண்டு படுக்கும்போதெல்லாம் பலகை முனகுவது எனக்குக் கேட்கிறது. நான் கீழே பட்டறையில், கட்டிங் மேசை முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். விடியற்காலை சுபுஹு தொழுதுவிட்டு வந்தாயிற்று. குழாயில் தண்ணீர் வந்து டிரம் நிறைந்துகொண்டிருக்கிறது. இன்று புதன்கிழமை. வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் நீ குர்லாவில் ரயிலேறி அஸ்ஸாமுக்குப் போகிறாய், ஆர்கிட் வளர்க்கிற அந்தப் பெரிய பண்ணையில் இரண்டு வருஷ வேலைக்கு. அதற்கு முன்னால் இதை எழுதி முடித்து உன் டீ கிளாசுக்கு அடியில் வைத்தாக வேண்டும் என்பது உன் உம்மாவின் உத்தரவு.

வாப்பா ஏன் வாய்ஸ் மெசேஜ் அனுப்பாமல் காகிதத்தில் எழுதுகிறார் என்று கேட்பாய். வாய்ஸ் மெசேஜ் அனுப்பினால் நீ அதை இரட்டை வேகத்தில் ஓடவிட்டுக் கேட்பாய், நான் எலி கத்துகிற மாதிரி பேசி முடித்துவிடுவேன். தமிழ் என்றால் நீ எழுத்துக்கூட்டித்தான் படிக்க முடியும். உன்னை இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் போட்டதற்கு எனக்குக் கிடைத்திருக்கும் ஒரே லாபம் இது, நான் எழுதுவதை நீ மெதுவாகப் படித்தே தீர வேண்டும். பை வெட்டுவதற்கு அளவு வரைகிற பழுப்புக் காகிதத்தில், மார்க்கர் பேனாவால், விரல் அகலத்துக்கு எழுதியிருக்கிறேன். உனக்குப் படிக்கச் சுலபமாக இருக்கட்டும் என்றுதான் இவ்வளவு பெரிதாக எழுதினேன் என்று நீ நினைத்துக்கொண்டால் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் அது பொய். இப்படி எழுதினால்தான் எனக்கே தெரிகிறது. என் வலது கண்ணில் பார்வை போய் ஒரு வருஷம் ஆகப் போகிறது. புரை விழுந்திருக்கிறது. இடது கண்ணிலும் ஆரம்பித்திருக்கிறது.

சொல்லிவிட்டேன். இந்த ஒரு வரியை எழுதுவதற்கு மூன்று நாளாக மேசையைச் சுற்றி வந்தேன். இப்போது உன் கை போனைத் தேடும், டிக்கெட்டைக் கேன்சல் செய்வதற்கு. என் பயமெல்லாம் அதுதான். போனைக் கவிழ்த்து வை. முழுவதையும் படி. படித்து முடித்த பிறகு நீ போக வேண்டும், அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

போன வருஷம் ஜூன் மாதம் நீ வேலை பார்க்கிற ஐரோலி ஆபீஸில் உன்னை எட்டு மாதத்துக்கு ஹைதராபாத் அனுப்பினார்களே, அன்றைக்கு மாடி ஜன்னல் கம்பிக்கூண்டில் இருந்த ஒன்பது ஆர்கிட் தொட்டிகளை என்னிடம் ஒப்படைத்தாய். "வாப்பா, தண்ணி மட்டும் பாத்து ஊத்துங்க. எல்லாத்தையும் எழுதி செவுத்துல ஒட்டிருக்கேன், படிச்சிக்கோங்க" என்றாய். படித்துவிட்டேன் என்றேன். படிக்கவில்லை. நீ பென்சிலால் சின்னச் சின்னதாக இந்தியில் எழுதியிருந்தாய். எனக்கு அது வெள்ளைக் காகிதமாகத்தான் தெரிந்தது. கண்ணாடி மாற்ற வேண்டும் போலிருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, செடிக்குத் தண்ணீர் ஊற்றப் படிப்பு எதற்கு என்று விட்டுவிட்டேன்.

நம் வீட்டுத் தண்ணீர் பழக்கம் உனக்குத் தெரியும், ஆனால் அது எனக்குள் எவ்வளவு ஆழமாகப் போயிருக்கிறது என்பது தெரியாது. நான் பதினாறு வயதில் தாராவிக்கு வந்தவன். காலையில் இரண்டு மணி நேரம் குழாய் வரும், அதற்குள் பிடித்து வைத்தால்தான் அன்றைக்கு வாழ்க்கை. புதுத் தண்ணீர் வருவதற்கு முன்னால் டிரம்மில் மிச்சமிருக்கும் பழைய தண்ணீரைக் காலி செய்ய வேண்டும். அதைச் சாக்கடையில் ஊற்ற இந்தக் கல்லிச் சந்தில் யாருக்கும் கை வராது. பாத்திரம் கழுவலாம், படியைக் கழுவலாம், அதற்கும் மிஞ்சினால் செடி. உன் ஒன்பது செடி வந்ததும் எனக்கு ஒரே நிம்மதி, பழைய தண்ணீருக்கு ஒரு நல்ல இடம் கிடைத்துவிட்டது. தினமும் காலையில் தொட்டிக்கு ஒரு மக். ஜூலை மாதம், அடைமழை, வெட்டி வைத்த தோலில் எல்லாம் பூஞ்சை பிடிக்கிற காலம், கயிற்றில் போட்ட சட்டை மூன்று நாளானாலும் காயாத ஈரம். அந்த ஈரத்திலும் விடாமல் ஒரு மக்.

அடி இலை மஞ்சளானது. தாகம் என்று நினைத்து இரண்டு மக் ஊற்றினேன். நீ சிரிப்பாய், சிரி. ஆகஸ்டில் ஒரு செடியின் நடுக்குருத்து, நான் தொட்டதும், கையோடு வந்துவிட்டது. அடுத்த செடியிலிருந்து ஒரு நாற்றம், ஊறப்போட்ட பச்சைத் தோலை மறந்துவிட்டால் வருமே அந்த நாற்றம். தொட்டியைக் கவிழ்த்துப் பார்த்தால் வேரெல்லாம் கூழ். இழுத்தால் தோல் கழன்று உள்ளே நூல் மட்டும் நிற்கிறது. இரண்டு செடி போயிற்று. இரண்டையும் ஒரு பாலிதீன் பையில் சுற்றி, யாரும் பார்க்காமல் குப்பை வண்டியில் போட்டேன். அவற்றை மான்குர்தில் என் தம்பி, உன் சாச்சா வீட்டுக்குக் கொடுத்தேன் என்று உன்னிடம் சொன்னது சுத்தப் பொய். சாச்சாவுக்கு நீ நன்றாகப் பார்த்துக்கொள்ளச் சொல்லி மெசேஜ் வேறு அனுப்பினாயாம். அவன் என்னை போனில் பிடித்து, "எந்தச் செடி, எப்பக் குடுத்தே?" என்று கேட்டான். அவனையும் பொய் சொல்ல வைத்தேன்.

இதை விடக் கேவலம் ஒன்று இருக்கிறது. செப்டம்பரில் ஒரு நாள் வீடியோ காலில் செடியைப் பார்த்துவிட்டு, "என்ன வாப்பா, இலையெல்லாம் டல்லா இருக்கு?" என்றாய். அடுத்த ஞாயிறு நீ கூப்பிடுவதற்கு முன்னால் நான் என்ன செய்தேன் தெரியுமா? பட்டறையில் பைக்குக் கடைசியாகப் போடுகிற மெழுகு கிரீமை எடுத்து, மெல்லிய துணியால், ஏழு செடியின் இலைகளையும் ஒன்று விடாமல் தேய்த்துப் பளபளப்பாக்கினேன். எக்ஸ்போர்ட் ஆர்டருக்கு அனுப்பும் பைகூட அப்படி மின்னியதில்லை. நீ பார்த்துவிட்டு, "ஏக்தம் மஸ்த், வாப்பா! சூப்பரா இருக்கு!" என்றாய். நான் வெட்கமே இல்லாமல் தலையாட்டினேன். இலைக்கு மூச்சு விட ஓட்டை உண்டு, அதை அடைத்தால் செடி திணறும் என்பதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. மூன்று வாரத்தில் ஒரு செடியில் நாலு இலை உதிர்ந்தது.

அக்டோபர் வெயிலில்தான் குட்டு உடைந்தது. உன் உம்மா துணி காயப் போட ஜன்னலுக்குப் போனவள் அங்கேயே நின்றுவிட்டாள்.

"என்னங்க, செடியில எறும்பு சாரை சாரையாப் போகுது. இந்த வெள்ளையெல்லாம் என்னது?"

"நீ புரோட்டாவுக்கு மாவு பிசஞ்சேல்லா, அது பறந்து ஒட்டிருக்கும்."

"மாவா? நான் கீழ பிசஞ்சா மாடிக்கு ஏறியா வரும்? இது பூச்சிங்க. நகருது, பாருங்க."

பார்த்தேன். எதுவும் நகரவில்லை. வெள்ளையும் தெரியவில்லை, இலையின் பச்சையே எனக்கு அழுக்குத் தண்ணீர் வழியாகத்தான் தெரிந்தது. ஆமாம், ஆமாம் என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். முப்பத்திரண்டு வருஷம் என்னோடு குப்பை கொட்டியவள், அவளிடம் ஆமாம் போட்டுத் தப்பிக்க முடியுமா? கிட்டே வந்து என் இடது கண்ணைத் தன் உள்ளங்கையால் பொத்தினாள்.

"இப்ப காலண்டரப் பாத்து தேதி சொல்லுங்க."

காலண்டரே தெரியவில்லை. சுவர் தெரிந்தது. அவள் கையை எடுக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. அவள் திட்டாததுதான் எனக்குப் பயமாக இருந்தது.

நீ யோசித்துப் பார். நான் நாற்பது வருஷமாகத் தோல் வெட்டுகிறவன். ஆட்டுத்தோலை விரித்தால் உண்ணி கடித்த தழும்பு எங்கே, முள் கிழித்த கோடு எங்கே என்று முதல் பார்வையிலேயே பிடித்து, அதைத் தள்ளி அளவு வைப்பேன். அதற்குத்தான் என்னை மாஸ்டர் என்று கூப்பிடுகிறார்கள். அப்படிப்பட்டவன் மூக்குக்கு முன்னால் பூச்சி குடும்பம் நடத்துவதைப் பார்க்கவில்லை. அன்றைக்கே கீழே வந்து இசக்கியிடம் கேட்டேன். அவன் நம் பட்டறையில் பதினெட்டு வருஷமாக மெஷின் ஓட்டுகிறவன், எனக்குத் தம்பி மாதிரி.

"இசக்கி, என் கட்டிங்ல எதுவும் தப்பு வருதா?"

அவன் மெஷினை நிறுத்தினான். "பாய், கோவிச்சுக்காதிய. ரெண்டு மாசமாவே தழும்பு விழுந்த பீஸெல்லாம் முன்பக்கத்துக்கு வருது. நான்தான் எடுத்து உள் பாக்கெட்டுக்கு மாத்தி வெச்சுத் தைக்கேன்."

"ஏன்ல சொல்லல?"

"எப்படி பாய் சொல்ல?" என்றான்.

எல்லோரும் எனக்காக மறைத்திருக்கிறார்கள். நான் உன்னிடம் மறைத்திருக்கிறேன்.

அன்று சாயங்காலம் உன் உம்மா சுவரில் நீ ஒட்டிய தாளை எனக்குப் படித்துக் காட்டினாள். முதல் வரியே, வேர் காய்ந்து வெளுத்த பிறகுதான் தண்ணீர் ஊற்ற வேண்டும், பச்சையாக இருந்தால் தொடவே கூடாது என்று இருந்தது. அந்த ஒரு வரியை ஜூனில் படித்திருந்தால் இரண்டு செடி இன்றைக்கு உயிரோடு இருந்திருக்கும். நீ அனுப்பியிருந்த வாய்ஸ் மெசேஜ்கள் பதினொன்றும் கேட்கப்படாமல் கிடந்தன. நீ இரட்டை வேகத்தில் கேட்பதைக் கிண்டல் செய்கிறவன், நான் கேட்கவே இல்லை. பதினொன்றையும் அன்றைக்கு வரிசையாகக் கேட்டேன். ஒவ்வொன்றிலும் முடிவில், "நீங்க சாப்பிட்டீங்களா?" என்று கேட்டிருக்கிறாய்.

அதற்குப் பிறகு நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்துதான் செடி பார்த்தோம். கண் அவளுடையது, கை என்னுடையது. நோய் பிடித்த மூன்று தொட்டிகளைத் தனியாக எடுத்து மாடிப்படி ஓரம் வைத்தோம். மெடிக்கலில் ஸ்பிரிட் வாங்கி, பஞ்சில் நனைத்து, அவள் காட்டுகிற இடத்தில் நான் துடைப்பேன். இலைக்கு அடிப்பக்கம், இலை தண்டோடு சேருகிற இடுக்கு, அங்கேதான் அந்த மாவுப்பூச்சி ஒளிந்துகொள்ளும். ஒரு தடவை துடைத்தால் போதாது, முட்டை பொரித்து மறுபடி வரும் என்று நீ ஒரு மெசேஜில் சொல்லியிருந்தாய். அதனால் ஐந்து நாளைக்கு ஒரு தடவை, ஒன்றரை மாதம், விடவே இல்லை. நான் பூசிய மெழுகை இளஞ்சூட்டுச் சோப்புத் தண்ணீரால் இலை இலையாகக் கழுவி எடுத்தோம். வெயில் தாழ்ந்த பிறகு வேப்பெண்ணெயைச் சோப்புத் தண்ணீரில் கலக்கித் தெளித்தோம். பட்டறையே நாறியது, இசக்கி துண்டால் மூக்கைக் கட்டிக்கொண்டு தைத்தான். அழுகின வேரை, அடுப்பில் காட்டிச் சுட்ட பிளேடால் வெட்டி, வெட்டிய இடத்தில் பட்டைத் தூள் வைக்க வேண்டும் என்று நீ சொல்லியிருந்ததைக் கேட்டு உன் உம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "பிரியாணிக்குப் போடுதத இதுக்குப் போடணுமா? அப்படியே லவங்கமும் போட்டு தம் வெச்சிருவமா?" என்றாள். ஆனால் அவளேதான் இடித்துச் சலித்துக் கொண்டுவந்தாள்.

தண்ணீர் விஷயத்தில் எனக்கு ஒரு சங்கடம் இருந்தது. வேர் வெளுத்திருக்கிறதா பச்சையா என்று பார்க்க உன் உம்மாவை ஒவ்வொரு தடவையும் கூப்பிட எனக்கு ரோஷம். அப்புறம் ஒரு நாள் தொட்டியைத் தூக்கிப் பார்த்தேன். ஊற்றிய மறுநாள் ஒரு கனம், நாலாம் நாள் ஒரு கனம். தோலைக் கையில் எடுத்தாலே இது எத்தனை மில்லிமீட்டர் தடிமன் என்று சொல்கிறவனுக்கு இது தெரியாதா? காற்றாகக் கனம் குறைந்த தொட்டிக்கு மட்டும் தண்ணீர். அதுவும் காலையில், ராத்திரிக்குள் காய்ந்துவிட வேண்டும் என்பதற்காக. குருத்துக்குள் சொட்டு நின்றால் பஞ்சால் ஒற்றி எடுப்பேன். நாலு தொட்டிக்குக் கரியும் தேங்காய் மட்டைத் துண்டும் மாற்றிப் போட்டேன். மழைக்காலத்து ஈரத்தில் ஊற்றுவதை விடக் காற்று முக்கியம் என்று புரிந்தது, பட்டறையின் பழைய டேபிள் ஃபேனை மாடிக்கு ஏற்றினேன். பழைய தண்ணீரை இப்போதெல்லாம் படிக்கட்டுக்குத்தான் ஊற்றுகிறேன். முதல் வாரம் செடியைப் பட்டினி போடுவதாகவே மனசுக்குப் பட்டது.

நீ பண்ணையில் ஆயிரக்கணக்கான செடி பார்க்கப் போகிறவன். உனக்கு நான் சொல்லிக் கொடுக்க என்ன இருக்கிறது? ஆனாலும் கண் தெரியாதவனின் கை கற்ற இரண்டு விஷயத்தை எடுத்துக்கொள். தினமும் சில இலைகளையாவது அடிப்பக்கம் தடவிப் பார். விரலில் பிசுபிசு என்று ஒட்டினால் பூச்சி வந்துவிட்டது, கண்ணுக்குத் தெரிய இன்னும் ஒரு வாரம் ஆகும். சொரசொரவென்று மேடு தட்டினால் அது செதில் பூச்சி. நகத்தால் சுரண்டு, வந்துவிடும். உண்ணித் தழும்பு தோலில் தட்டுகிற அதே மாதிரிதான் இருக்கும், சின்ன வயதில் உன் விரலைப் பிடித்து நான் தடவிக் காட்டியிருக்கிறேன். இரண்டாவது, எறும்பைக் கண்டால் எறும்பை நசுக்கிக்கொண்டு நிற்காதே. அது எதைத் தேடி ஏறுகிறது என்று பார்.

இப்போது மிச்சமிருப்பதைச் சொல்ல வேண்டும். இது செடி விஷயம் இல்லை. இதைத்தான் எழுதப் பயந்தேன்.

பதினொரு வருஷத்துக்கு முன்னால், அப்போது உனக்குப் பதினெட்டு வயது. கொங்கணில் விவசாயக் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. அட்மிஷனுக்குப் போக வேண்டிய மாதத்தில் என் கத்தி வழுக்கி, கட்டைவிரல் அடியில் ஆழமாக வெட்டிவிட்டது. தையல் போட்டார்கள். நீ கல்லூரியை விட்டுவிட்டுப் பட்டறையில் வந்து நின்றாய். நான் உன்னைப் போகச் சொன்னேன், உனக்கு ஞாபகமிருக்கும். "ஏல, நீ போ, நான் பாத்துக்கிடுதேன்" என்று பத்து தடவையாவது சொல்லியிருப்பேன். வாயால் சொன்னேன், துணி சுற்றிய கையை மட்டும் நெஞ்சுக்கு நேராகத் தூக்கி வைத்துக்கொண்டே சொன்னேன். ரியாஸ், அட்மிஷன் தேதிக்கு ஒன்பது நாள் முன்னாலேயே டாக்டர் தையலைப் பிரித்துவிட்டார். கை ஆறிவிட்டது, மெதுவாக வேலை செய்யலாம் என்றார். நான் வீட்டுக்கு வரும் வழியில் மெடிக்கலில் புதுக் கட்டுத்துணி வாங்கி, நானே சுற்றிக்கொண்டு வந்தேன். அந்தத் தேதி கடந்த பிறகுதான் அவிழ்த்தேன்.

ஏன் செய்தேன் என்று கேட்டால் பெரிய காரணம் எதுவும் இல்லை. நீ போனால் இந்தப் பட்டறையில் நான் தனியாக நிற்க வேண்டும், அந்தப் பயம்தான். உன்னைக் கிட்டேயே வைத்துக்கொள்ள ஆசை. நீ பி.காம் படித்தாய், ஐரோலிக்குப் போய்க் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாய், ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. முதல் சம்பளத்தில் எனக்குச் செருப்பு வாங்கி வந்தாய். அடுத்த மாதம் ஒரு ஆர்கிட் செடி வாங்கி வந்து ஜன்னலில் தொங்கவிட்டாய். நான், "ஆம்பளப் பயலுக்குப் பூ என்னத்துக்குல?" என்றேன். எதை உன்னிடமிருந்து பறித்தேனோ அது ஜன்னலில் தொங்கிக்கொண்டிருந்தது, அதனால்தான் அந்தச் செடிகளை எனக்குப் பிடிக்காமல் இருந்தது. அன்றிலிருந்து அதைப் பார்க்கும்போதெல்லாம் என் கட்டைவிரல் தழும்பு ஞாபகம் வரும்.

உன் உம்மாவுக்கு அப்போதே தெரியும். கட்டை மாற்ற அவளை நான் விடவில்லை, அதிலேயே அவள் புரிந்துகொண்டுவிட்டாள். அவளும் நீ கிட்டே இருக்கட்டும் என்று வாயை மூடிக்கொண்டாள். போன வாரம் நீ ஹைதராபாத்திலிருந்து வந்து, ஏழு தொட்டிகளையும் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்துவிட்டு, "வாப்பா, இத்தன அழகா பாத்திருக்கீங்க. இப்பதான் எனக்கு டென்ஷனே போச்சு, நிம்மதியாப் போவேன்" என்றாய். நான் சிரித்தேன். சமையல்கட்டில் பாத்திரம் டமார் என்று விழுந்தது. அது கை தவறி விழவில்லை.

அன்றைக்கு நீ கடைக்குப் போனதும் வந்தாள். "நீங்க சொல்லுதியளா, நான் சொல்லட்டா?" என்றாள். கடிதம் எழுதி அவன் பையில் வைத்துவிடுகிறேன், ரயிலில் படித்துக்கொள்ளட்டும் என்றேன். "ரயிலு கெளம்புன பொறவு தெரிஞ்சா அதுவும் மறச்சதுதான். போன தடவ கட்டு கட்டி அவன நிறுத்துனிய. இந்த தடவ கண்ண மறச்சு அவன அனுப்பப் போறியளா? ரெண்டும் ஒண்ணுதான். அவனே தெரிஞ்சு, அவனே போகட்டும்" என்றாள். அதனால்தான் இது உன் டீ கிளாசுக்கு அடியில் இருக்கிறது.

செம்பூரில் ஒரு கண் டாக்டரிடம் நவம்பரிலேயே காட்டியாயிற்று. நீ போன பிறகு வருகிற இரண்டாவது திங்கட்கிழமை வலது கண் ஆபரேஷன். அந்தத் தேதியை வேண்டுமென்றே நான்தான் தள்ளிக் கேட்டேன், நீ ஊரில் இல்லாத நாளாகப் பார்த்து. அதையும் ஒப்புக்கொள்கிறேன். அரை மணி நேர வேலை, மறுநாளே கட்டைப் பிரித்துவிடுவார்கள். சுகரும் கட்டுக்குள் இருக்கிறது. உன் உம்மா கூட வருவாள், இசக்கி டாக்சி பிடிப்பான், அதுவரை கட்டிங்கை அவன்தான் பார்க்கிறான், நன்றாகவே பார்க்கிறான். டாக்டர் கொடுத்த காகிதமெல்லாம் மேசை இழுப்பறையில், நீலப் பையில் இருக்கிறது. எடுத்துப் பார். டாக்டருக்குப் போன் பண்ணிக் கேள். என் வார்த்தையை இனிமேல் அப்படியே நம்ப வேண்டாம், அந்த உரிமையை நான் இழந்துவிட்டேன்.

கட்டைப் பிரிக்கிற வரைக்குமாவது இருக்கிறேன் என்பாய். உன்னை எனக்குத் தெரியும். வேண்டாம் என்று சொல்கிறேன், இந்தத் தடவை இரண்டு கையையும் கீழே போட்டுக்கொண்டு சொல்கிறேன். உன்னைப் பிரிவது எனக்குக் கஷ்டமாக இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். மேலே பலகை முனகாத வீட்டில் எப்படித் தூங்குவது என்று இப்போதே யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஆனால் அது என் கவலை, உன்னுடையது இல்லை. என் மேல் கோபம் வந்தால் கோபப்படு, நீ கோபப்படாவிட்டால்தான் எனக்குச் சங்கடம். அந்தக் கோபத்தோடேயே ரயிலேறு. கோபம் ஆறிய பிறகு போன் பண்ணு, ஆறாவிட்டாலும் உன் உம்மாவுக்காவது பண்ணு.

கடைசியாக ஒன்று. நீ ஏழு தொட்டியையும் தூக்கிப் பார்த்தாயே, கம்பிக்கூண்டின் மூலையில், பெயர்ச் சீட்டு இல்லாத தொட்டியைச் சரியாகப் பார்க்கவில்லை. நான் மெழுகு பூசியதில் நாலு இலை உதிர்ந்த செடி அதுதான். பிழைக்காது என்று உன் உம்மா சொன்னாள். டிசம்பரில் ஒரு நாள் இலை தடவிக்கொண்டிருந்தபோது இடுக்கில் என்னவோ தட்டியது. பூச்சி என்று நினைத்து நகத்தை வைத்தேன், அப்புறம் எதற்கோ நிறுத்திவிட்டேன். சொரசொரப்பு இல்லை, பிசுபிசுப்பு இல்லை. வேராக இருக்கும் என்றால் நுனி உருண்டையாக இல்லை, ஒரு பக்கம் சப்பையாக இருந்தது. உன் உம்மாவைக் கூப்பிட்டேன். அவள் பார்த்துவிட்டு, "பூத்தண்டுங்க" என்றாள். இப்போது ஒரு சாண் வளர்ந்து, சுவர்ப் பக்கமாக வளைந்து இலைக்குப் பின்னால் மறைந்திருக்கிறது. தினமும் தொழுதுவிட்டு வந்ததும் தொட்டுப் பார்க்கிறேன், மொட்டு ஐந்து இருக்கிறது. முதல் மொட்டு கொண்டைக்கடலை அளவுக்கு வந்துவிட்டது. கணக்குப் பார்த்தால், என் கண் கட்டைப் பிரித்துச் சில நாளில் அது விரியும்.

வாங்கியவன் நீ, உனக்கு அதன் நிறம் தெரிந்திருக்கும். என்னிடம் சொல்லாதே, உன் உம்மாவிடமும் சொல்லாதே, அவளுக்கு வாய் நிற்காது. நீ போய்ச் சேர், இன்ஷா அல்லாஹ் அது என்ன நிறம் என்று நான் உனக்குச் சொல்கிறேன்.

உன் வாப்பா